நான் கழுவிவைத்த போத்தல்கள்

என்னுடைய இஞ்சாருங்கோ,

இருபத்தாறு வருடமாக உங்களை நான் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு மலர் அச்சடிக்கிற சிவபாலன் அண்ணை, "அமரர் மகேந்திரன் அவர்களுக்கு எண்டு மரியாதையாத் தொடங்குங்கோ தங்கச்சி" என்றார். அப்படித் தொடங்கினால் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நீங்கள் பேசாமல் இருந்துவிடுவீர்கள். அதனால் எப்போதும் போலவே கூப்பிடுகிறேன். இந்த முறை நாலு பேருக்குக் கேட்கும்படி கூப்பிடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

முதலில் வீட்டுச் சங்கதி. பலேர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. நாலு மாடிக்கும் கால்தான். தண்ணீர் இப்போதும் முறை வைத்துத்தான் வருகிறது. வினோ தாதிப் படிப்பின் கடைசி வருடத்துக்கு வந்துவிட்டாள். கோடை முழுக்க மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு உணவகத்தில் தட்டுத் தூக்கிவிட்டுக் கறுத்துப்போய் வந்தாள். "அப்பா இருந்தா, ஆர் இந்தப் பிள்ளை, எங்கடை வீட்டுக்கு வந்திருக்கு எண்டு கேட்டிருப்பார்" என்று தானே சொல்லிச் சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கனநேரம் வெளியே வரவில்லை.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பீர்கள். இருக்கிறேன். உப்புக் கொஞ்சம் கூடிவிட்டால் சொல்ல ஆள் இல்லாமல் சமைக்கிறேன்.

ஆனால் இதையெல்லாம் சொல்ல ஒரு மலர் தேவையில்லை, உங்கள் படத்துக்கு முன்னால் நின்றே சொல்லிவிடுவேன். இது வேறு காரியம். முப்பத்தோராம் நாள் நினைவாக அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் உங்களைப் பற்றி ஒரு வரி அச்சாகியிருந்தது: "போரில் நொந்த மலைநாட்டுக்குச் சென்று, அம்மக்களின் குடிநீரில் நஞ்சில்லை என்று கண்டு சொன்ன கருணையாளர்." அந்த வரி பிழை. அது உங்கள் பிழையில்லை, என் பிழை. அந்தப் புத்தகம் போன வீடுகளுக்கெல்லாம் இந்த மலரும் போகும் என்பதால் இதில் எழுதித் திருத்துகிறேன்.

வாசிக்கிறவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் நீங்கள் வான் ஓட்டினீர்கள். கிணறு, குளம், ஊற்று என்று சிசிலி முழுக்கப் போய்ப் போத்தலில் தண்ணீர் அள்ளிவந்து கொடுப்பது உங்கள் வேலை. அதை அளந்து பார்ப்பது தொத்தோரெஸ்ஸாவின் வேலை. அங்கே எல்லோரும் அந்த அம்மாவை, டாக்டரம்மா என்கிற மாதிரி, அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் உதவி அமைப்பு ஒன்று ஆய்வுகூடத்தைத் தேடி வந்தது. மலைநாடு ஒன்றில் சண்டை ஓய்ந்து சனங்கள் ஊருக்குத் திரும்புகிறார்கள், அந்தத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்றது. நாட்டின் பெயரையும் ஊரின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அந்தச் சனத்துக்கு இருக்கிற தலையிடி போதும்.

கவச வாகனங்களைத் துளைக்கிற ஒருவகைக் குண்டில் யுரேனியம் என்ற பாரமான உலோகம் இருக்கிறதாம். குண்டு வெடித்த இடத்தில் அதன் தூள் மண்ணில் படியும். மழை அதை மண்ணுக்குள் இறக்கும். பிறகு ஊற்றில் வரும். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கதிர்வீச்சு ஒருபக்கம், சிறுநீரகத்துக்குக் கேடு மறுபக்கம். போத்தலில் அள்ளிக் கருவியில் அளந்தால் மட்டும்தான் தெரியும். இவ்வளவும் நீங்கள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து எனக்கு விளங்கப்படுத்தியது.

யார் போகிறீர்கள் என்று ஆய்வுகூடத்தில் கேட்டபோது நீங்கள் கையைத் தூக்கிவிட்டு வந்திருந்தீர்கள். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

"அங்கை கண்ணிவெடி இருக்குமாம். வேறை ஆள் இல்லையோ? ஏன் நீங்கள்?" என்று சண்டைக்கு வந்தேன்.

"றோட்டெல்லாம் துப்புரவாக்கிப் போட்டினமாம். நான் வான் ஓட்டுறதும் போத்தல் நிரப்புறதும்தானே" என்றீர்கள். பிறகு கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "இஞ்சாரும், நாங்களும் சண்டை முடிஞ்சு வீட்டுக்குத் திரும்பினனாங்கள்தானே. முதல் எதைப் பாத்தனாங்கள்? கிணத்தைத்தானே? இறைச்சு முடிச்சும் குடிக்கப் பயந்து எத்தினை நாள் இருந்தனாங்கள்? அப்ப ஒருத்தரும் எங்களிட்டைப் போத்தல் கொண்டு வரேல்லை" என்றீர்கள்.

நீங்கள் தள்ளி வைத்த கோப்பையைத் திரும்ப உங்களுக்கு முன்னால் நகர்த்தி வைத்தேன்.

நீங்கள் புறப்பட்டது ஒரு திங்கட்கிழமை. ஞாயிறு ஆய்வுகூடம் பூட்டு என்பதால் சனிக்கிழமையே போத்தல் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மூலையில் வைத்தீர்கள். "அது ஆய்வுகூடச் சாமான், தொடாதையும்" என்றீர்கள். நீங்கள் எதைத்தான் தொடச் சொல்லியிருக்கிறீர்கள்? ரேடியோவைத் தொடாதையும், பேப்பரை மடிக்காதையும், வான் திறப்பை எடுக்காதையும். அத்தனையையும் தொட்டுத் துடைத்து ஒழுங்காக வைத்தவள் நான். ஞாயிறு காலை நீங்கள் வானுக்கு டயர் மாற்றப் போனதும் பெட்டியைத் திறந்தேன்.

பதினான்கு வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல்கள். ஒவ்வொரு மூடியிலும் பொட்டு மாதிரி ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் சில சொட்டு ஏதோ கிடந்தது. திறந்து மணந்தேன், மூக்கில் அடித்தது. பலேர்மோத் தண்ணீரால் குளியலறையெல்லாம் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு படியும். அதை உரிக்க என் சிஞ்ஞோராமார், நான் வேலை செய்கிற வீட்டு அம்மாமார், வாங்கித் தருகிற அசிட்டும் அப்படித்தான் மூக்கில் அடிக்கும். இருபது வருடமாக அடுத்தவர் வீட்டுக் கக்கூஸ் கழுவுகிறவளுக்கு இது தெரியாதா? யாரோ ஒரு சோம்பேறி போத்தல்களை அசிட் போட்டுக் கழுவிவிட்டு, அலசாமல் அப்படியே அடுக்கியிருக்கிறான் என்று நினைத்தேன். குடிக்கிற தண்ணீர் அள்ளப் போகிற போத்தல்! இந்த அழுக்கைத் தூக்கிக்கொண்டு என் மனுசன் ஊர் ஊராகப் போய் நின்றால் யாருக்கு வெட்கம்?

கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். மூன்று தரம் அலசினேன். கடைசித் தரம், கடையில் வாங்கிய குடிதண்ணீரால். உங்கள் வெள்ளை வேட்டியைப் பல்கனியில் விரித்து, எல்லாவற்றையும் வரிசையாகக் கவிழ்த்துக் காயவைத்தேன். மஞ்சள் பொட்டுகள் நனைந்து உரிந்துவிடாமல் மூடிகளைத் தனியாகத் துடைத்தேன். நீங்கள் வருவதற்குள் பெட்டிக்குள் அடுக்கி, ஒட்டுநாடாவையும் பழைய இடத்திலேயே அழுத்தி ஒட்டிவிட்டேன்.

உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏச்சு விழும் என்பது ஒரு காரணம். அதைவிட, நீங்கள் அறியாமலே உங்களுக்கு ஒரு நல்லது செய்து வைத்திருக்கிறேன் என்ற சந்தோஷம். அன்று முழுக்க அந்தச் சந்தோஷத்தோடு உங்களுக்குப் பயணச் சாமான் கட்டினேன். இப்போது எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருப்பது அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதுதான்.

மூன்று கிழமை கழித்து மெலிந்து, தாடியோடு வந்தீர்கள். பிறகு வீட்டில் ஒரே மலைக்கதைதான். ஏழு ஊற்றுகள், ஊற்றுக்கு இரண்டு போத்தல். அங்கே இருக்கிற சனத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் பள்ளிக்கூட ரீச்சர். நீங்கள் கூப்பிடாமலே வானுக்கு முன்னால் நடந்து வழி காட்டியவள் அவள்தான். ஏழாவது ஊற்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது, அந்த ஊரிலேயே ருசியான தண்ணீர் அதுதான். முடிவு வரும்வரை ஒருவரும் ஊற்றில் குடிக்க வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிட்டு வந்ததால், அவர்கள் மலையடிவாரத்து ஆற்றிலிருந்து கழுதையில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் இங்கே தண்ணீர்க் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கழுதைகளைப் பற்றிக் கதைத்தீர்கள்.

ஐப்பசியில் முடிவு வந்தது. ஏழும் சுத்தம். தொத்தோரெஸ்ஸா கையெழுத்துப் போட்டுக் கடதாசி அனுப்பினார். ஆனால் கடதாசி போய்ச் சேருமுன்னே நீங்கள் எங்கள் குசினியில் நின்று ரீச்சருக்கு ரெலிபோன் எடுத்தீர்கள். "ரீச்சர், வாட்டர் குட். ஓல் குட். ட்ரிங்க், ட்ரிங்க்!" அந்தப் பக்கம் ஒரு ஊரே கத்துகிற சத்தம் கேட்டது. ரெலிபோனை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்று அழுதீர்கள். பின்னேரம் ஒரு பெட்டி இனிப்பு வாங்கிவந்து மாடி மாடியாகக் கொடுத்தீர்கள். மூன்றாம் மாடிக் கிழவர் காரணம் கேட்டதற்கு, "தண்ணி நல்லதாம்" என்றீர்கள். அந்த மனுசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இனிப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்.

தை மாதத்தில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் விழுந்தீர்கள். இருதய ரத்தக்குழாய் கனகாலமாக அடைபட்டு இருந்திருக்கிறது என்றார்கள். மலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் கேட்காமலே டாக்டர் சொன்னார். பிறகு நானும் இரண்டு தரம் கேட்டேன்.

ஆனி மாதத்தில் என் பழைய சிஞ்ஞோரா மகளோடு வடக்கே போய்விட்டார். எனக்கு வேலை பாதியாகிப் போனது. உங்கள் சாவீட்டுக்கு வந்திருந்த தொத்தோரெஸ்ஸா எங்கேயோ கேள்விப்பட்டு, ஆய்வுகூடத்தைத் துப்புரவாக்க வருகிறாயா, காலையில் மூன்று மணித்தியாலம் என்று கேட்டார். நீங்கள் நடந்த இடத்தில் நானும் நடக்கலாம் என்று ஆசையோடு போனேன்.

முதல்நாளே அவர் என்னை அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு அலுமாரித் தட்டில் வெறும் போத்தல்கள் வரிசையாக இருந்தன. மூடியில் மஞ்சள் பொட்டு.

"இதைக் கழுவக் கூடாது. ஒருநாளும் கூடாது" என்றார். "உள்ளே கொஞ்சம் அசிட் விட்டுத்தான் வைத்திருக்கிறோம். அது இல்லாவிட்டால் தண்ணீரில் இருக்கிற உலோகம் மெல்ல மெல்லப் போத்தல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் தண்ணீரை மட்டும் அளந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவோம்."

நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். படிக்கட்டு ஏறிவந்த களைப்பு என்று சொன்னேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், அதனால் இதையும் சொல்கிறேன். நான் உடனே வாய் திறக்கவில்லை. ஆய்வுகூடத்தில் இரண்டு மாதம் திறக்கவில்லை. தினமும் போய் அந்தத் தட்டைத் தூசு தட்டிவிட்டு வந்தேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் உங்களைப் பற்றியது. நீங்கள் செய்த காரியங்களில் நீங்களே பெருமைப்பட்டது அது ஒன்றுதான். அதை நான் எப்படி என் வாயால் இல்லையென்று ஆக்குவேன்?

வினோவிடம் சொன்னபோது அவளுக்குத் தமிழே வரவில்லை. "மம்மா, மா கே ஆய் ஃபத்தோ!" என்று கத்தினாள். என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று. பிறகு என் பக்கத்தில் வந்திருந்து, "அந்த ஊரிலை சின்னப் பிள்ளையள் இருக்குதுகளோ அம்மா?" என்று மட்டும் கேட்டாள். பள்ளிக்கூடம் இருக்கிற ஊரில் பிள்ளைகள் இருக்க மாட்டார்களா?

ஆண்டு மலர் பற்றிக் கதைக்க வந்த சிவபாலன் அண்ணையிடமும் சொன்னேன். அவர் பாவம், நல்ல மனுசன். "விடுங்கோ தங்கச்சி. போன மனுசன்ரை பேரிலை ஏன் கரி பூசுறியள்? அங்கை ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லைத்தானே?" என்றார். எனக்கு வேண்டியிருந்ததும் அந்தப் பதில்தான். அதை இன்னொரு தரம் கேட்க வேண்டும் போலிருந்ததால் அவருக்கு இரண்டாந்தரமும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

உங்கள் ரெலிபோனை நான் நிறுத்தவில்லை. சார்ச் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். ஆவணி கடைசியில் ஒரு மத்தியானம் அது சிணுங்கியது. ரீச்சர் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஏழாவது ஊற்றுக்கு இப்போது சீமெந்துத் தொட்டி கட்டி, குழாய் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை, ஏழு எட்டு வயதிருக்கும், குழாய்க்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது. கீழே இங்கிலீஷில் "நன்றி நண்பரே" என்று இருந்தது. நீங்கள் இல்லை என்று அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்தநாள் காலை துடைப்பத்தை எடுக்காமல் நேரே தொத்தோரெஸ்ஸாவின் அறைக்குப் போனேன்.

என் உடைந்த இத்தாலியனில் எல்லாவற்றையும் சொன்னேன். வேட்டியைக்கூடச் சொன்னேன். அவர் எழுந்து யன்னலோரம் போய் நின்றார். "எத்தனை?" என்றார். "பதினான்கும்" என்றேன். பிறகு கத்தினார். இரண்டு மாதம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினார். நின்று வாங்கிக்கொண்டேன். கத்தி முடித்து, பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். வருகிற ஒவ்வொரு போத்தலிலும் ஒரு கடதாசித் துண்டைத் தோய்த்து அசிட் இருக்கிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டுமாம். உங்கள் பதினான்குக்கும் நேரே அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. அவசரத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. அவர் கதிரையில் இருந்துவிட்டார். "நானும்தான்" என்றார். அதற்குப் பிறகு கத்தவில்லை.

அளந்த போத்தல்களை ஒரு வருடம் கீழறையில் வைத்திருப்பது அங்கே வழக்கம். இன்னும் இரண்டு மாதத்தில் கொட்டியிருப்பார்கள். அவற்றை மேலே கொண்டுவந்து, தண்ணீரை வேறாக்கிவிட்டு, வெறும் போத்தலுக்குள் அசிட் விட்டுச் சுவரில் ஒட்டியிருப்பதைக் கரைத்து எடுத்தார்கள். ஒன்பது நாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளும் நான் துடைத்த நிலத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். கடவுளே ஒன்றும் இருக்கக் கூடாது, ஒன்றும் இருக்கக் கூடாது என்று. யாருக்காகக் கும்பிட்டேன்? அந்தப் பிள்ளைக்காகவா, உங்களுக்காகவா, எனக்காகவா? இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை.

ஆறு ஊற்று நல்லது. ஏழாவதில் இருந்தது. வரம்பைத் தாண்டி இருந்தது. ஒருமுறைக்கு மூன்று முறை அளந்தார்கள். அந்த ஊற்றின் இரண்டு போத்தலும் ஒன்றையே சொன்னன.

ரீச்சருக்கு நாங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். ஆய்வுகூட மேசையில் ரெலிபோனை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போட்டு, தொத்தோரெஸ்ஸா சொல்லச் சொல்ல வினோ இங்கிலீஷில் சொன்னாள். ஏழாவது ஊற்றை இன்றைக்கே மூடுங்கள், மற்ற ஆறும் குடிக்கலாம். பிழை எங்கள் பக்கம், போத்தல்களைக் கழுவியது இங்கே இருக்கிற என் அம்மா. ரீச்சர், "மகேந்திரன் எங்கே? இதை அவரல்லவா எனக்குச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டாள்.

வினோ என்னைப் பார்த்தாள். "சொல்லு" என்றேன். சொன்னாள்.

இதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அந்த மனுசி என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏச வேண்டும். பத்து மாதம் அவளுடைய பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைக் குடித்திருக்கிறார்கள். ஆனால் அவள் அழத் தொடங்கினாள். "கடைசி நாள் நான்தான் அவருக்கு ஏழாவது ஊற்றில் ஒரு கோப்பை அள்ளிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். எங்கள் ஊருக்கு வந்தவர் எங்கள் தண்ணீர் குடிக்காமல் போகக் கூடாது என்று நான் கட்டாயப்படுத்தினேன். குடித்தார். மனைவிக்குத் தெரியக் கூடாது என்று சிரித்தார். அதனால்தானா? நான் கொடுத்ததனால்தானா?" வினோ தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். மிச்சம் எனக்கு விளங்கியது. அந்த மனுசி என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

என்னிடம்!

வினோவைத் தள்ளிவிட்டு ரெலிபோனை நானே பிடித்தேன். "நோ, ரீச்சர். நோ. ஹார்ட். ஒன்லி ஹார்ட்" என்றேன். எனக்கு வேறு இங்கிலீஷ் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன். தொத்தோரெஸ்ஸா கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றார்.

நீங்களும் என்னிடம் ஒன்று ஒளித்திருக்கிறீர்கள். போத்தலை நான் ஒளித்தேன், கோப்பையை நீங்கள் ஒளித்தீர்கள். வீட்டுக்கு வந்து உங்கள் படத்துக்கு முன்னால் நின்று நல்லாய் ஏசினேன். ஏசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு ஏழைச் சனம் நீட்டிய கோப்பையைத் தள்ள முடியாமல் முழித்துக்கொண்டு நிற்கிற உங்கள் முகம் நினைவுக்கு வந்தது. அதற்குமேல் ஏச முடியவில்லை.

குழாயை அன்றைக்கே கழற்றிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளைச் சோதிக்க டாக்டர்மார் போய்வந்திருக்கிறார்கள். இதுவரை பார்த்த பிள்ளைகளிடம் கேடு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஒன்றும் வராது என்று தன்னால் எழுதித்தர முடியாது என்கிறார் தொத்தோரெஸ்ஸா. நானும் இங்கே அதற்குமேல் எழுத மாட்டேன்.

திருத்திய அறிக்கையில், போத்தல்கள் "மூன்றாம் நபர் ஒருவரால்" கழுவப்பட்டன என்று எழுதியிருந்தார். என் பெயரைப் போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். "இல்லாவிட்டால் எல்லோரும் அவரைத்தான் நினைப்பார்கள்" என்றேன். இப்போது அதில் என் முழுப்பெயரும் இருக்கிறது. வேலையில் என்னை வைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கல்வெட்டு வைத்திருக்கிறவர்கள் அந்த வரியை வெட்டிவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: மகேந்திரன் ஏழு ஊற்றிலும் சொன்னபடி தண்ணீர் அள்ளினார். அதில் ஆறு நல்லது, ஒன்று கூடாது. அவர் அள்ளியதில் பிழையில்லை.

சித்திரையில் பனி உருகியதும் புதிதாய் அள்ள ஆட்கள் போகிறார்கள். நானும் போகிறேன். தொத்தோரெஸ்ஸா முதலில் வேண்டாம் என்றார், பிறகு, உன் கை வேலைக்கு உதவும் என்றார். ஏழாவது ஊற்றில் என் கையால்தான் அள்ளுவேன். ரீச்சர் கோப்பை நீட்டினால் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். படத்தில் நின்ற அந்தப் பிள்ளை எங்கே என்று கேட்பேன். கேட்டு, அவளுக்கு முன்னால் போய் நின்று, உன் தண்ணீரைக் கெடுத்தது குண்டு, அதை உனக்குத் தெரியாமல் செய்தது நான் என்று சொல்வேன். இதை உங்களுக்கு முன்னால், இத்தனை பேர் கேட்கச் சொல்லியிருக்கிறேன், இனிப் பின்வாங்க முடியாது.

போயிட்டு வாறன்.

உங்கள் மனைவி,
யோகேஸ்வரி